தேநீரும் தீராத வழக்கும்

நிழற்படம் ஒன்று உண்டு. 1968-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28-ஆம் நாள் இலண்டன் மாநகரிலே நடைபெற்ற சந்திப்பைக் காட்டுவது. அமைச்சர் ஒருவர், அவரும் பெண். அவரைச் சூழ்ந்து ஃபோர்டு கார்த் தொழிற்சாலையிலே தையற்பொறி ஓட்டும் பெண்கள். கைகளிலே தேநீர்க் கோப்பை, முகங்களிலே மலர்ச்சி. மூன்று வாரமாக ஓடாதிருந்த தையற்பொறிகள் மீண்டும் ஓடப் போகின்றன என்ற செய்தி அன்று நாடெங்கும் பரவிற்று. அமைச்சர் பெயர் பார்பரா காசில்.

அந்தக் கோப்பையிலிருந்து ஒரு வரலாறே பருகப்பட்டுவிட்டது. பெண்கள் கேட்டனர், பெண் அமைச்சர் ஈந்தார், 1970-இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது, அநீதி அகன்றது. 2010-இல் வெளிவந்த ‘மேட் இன் டேகனாம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இந்தக் கதையைத்தான் களிப்போடு சொல்கிறது. தலைவியாக வரும் தொழிலாளிப் பெண் கற்பனைப் பாத்திரம். அமைச்சரோ மெய்ப் பெயரோடு வருகிறார், தம் அலுவலக ஆடவரை அதட்டி உருட்டுகிறார், இறுதியிலே நீதி வழங்குகிறார். பார்த்து மகிழ்ந்தோம், மறுக்கவில்லை. ஆனால், வீடு திரும்பும் வழியிலே ஒரு கேள்வி காலைத் தடுத்தது. அந்தப் பெண்கள் கேட்டது எது? அவர்கள் பெற்றது எது? இரண்டும் ஒன்றுதானா?

இல்லை என்பதே விடை. ஆகவேதான் இந்தத் திறனாய்வு. அம்மையாரின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. அந்தப் புகழிலே பெரும்பகுதி அவர் உழைத்து ஈட்டியது. புகழ்மாலை எவ்வளவு மணந்தாலும், அதை அணிந்தவர் ஆற்றிய செயலை எடைபோட்டுப் பார்க்கும் கடமை நம்மைவிட்டு நீங்கிவிடுவதில்லை.

1910-இல் செஸ்டர்ஃபீல்டில் பிறந்தவர் அம்மையார். தந்தை வருமானவரி அலுவலர். அதே வேளையில் சமதர்ம ஏடு ஒன்றின் ஆசிரியர். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தவர் தாய். ஆக்ஸ்ஃபோர்டிலே படித்தும் மூன்றாம் வகுப்பிலேதான் தேறினார் என்பது, மதிப்பெண்ணை மதியென்று மயங்குவோர் நினைவிலே கொள்ளத்தக்கது! 1945-இல், நெசவாலைகள் நிறைந்த பிளாக்பர்ன் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். அப்படிப் புகுந்த கதையும் சுவையானது. தொழிற்கட்சியின் வேட்பாளர் பட்டியலிலே எல்லோரும் ஆண்கள். தொகுதியின் கட்சிப் பெண்கள், பெண் ஒருத்தியின் பெயரேனும் பட்டியலில் ஏறாவிடில் விலகிவிடுவோம் என்று முழங்கினர். ஏறிற்று அவர் பெயர். தலைவர்கள் தாமாக மனமுவந்து அளித்த இடமன்று அது. கீழே நின்ற பெண்கள் அச்சுறுத்தி வாங்கித் தந்தது. இதை நெஞ்சிலே குறித்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

பொதுக் கழிப்பிடங்களிலே பெண்கள் நுழையும் வாயிலில் மட்டும் சுழல் கம்பித் தடை வைத்திருந்த காலம் ஒன்று இங்கிலாந்திலே இருந்தது. கருவுற்ற பெண்ணும் கைக்குழந்தை ஏந்தியவளும் அதிலே சிக்கித் தவித்தனர். பாராளுமன்றத்துப் பெருமக்கள் பேசக் கூசிய பொருள் அது. அம்மையார் கூசவில்லை; போராடினார்; 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை அகற்றிற்று. 1959-இல் கெனியா நாட்டின் ஹோலா முகாமிலே ஆங்கில ஆட்சியின் காவலிலிருந்த பதினொருவர் அடித்துக் கொல்லப்பட்டபோது, தம் நாட்டு அரசையே கூண்டிலேற்றிக் கேள்வி கேட்ட குரல்களிலே அவர் குரலும் ஒன்று. போக்குவரத்து அமைச்சராயிருந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரை மூச்சு கொண்டு அறியும் சோதனையை 1967-இல் கொணர்ந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதற்காகவும் ஏசினர், பெண் என்பதற்காகவும் ஏசினர். அசைந்தாரில்லை.

இத்தகையவர்தாம் 1968 ஏப்ரலில் வேலைவாய்ப்பு, உற்பத்தித்திறன் அமைச்சரானார். ஏறத்தாழ இரண்டு திங்களே கழிந்திருந்தன. ஜூன் 7-ஆம் நாள் டேகனாமிலே 187 பெண்கள் பொறியைவிட்டு எழுந்தனர்.

அவர்கள் செய்த வேலை என்ன? காரின் இருக்கைகளுக்கு உறை தைப்பது. உறையில்லையேல் இருக்கையில்லை, இருக்கையில்லையேல் கார் வெளியேற இயலாது. ஹேல்வுட்டிலிருந்த தையற்காரிகளும் சேர்ந்தனர். பல்லாயிரம் ஆண்கள் பணிபுரிந்த பெருந்தொழிற்சாலை சில நூறு பெண்களின் சொல்லுக்கு நின்றது.

ஏன் எழுந்தனர்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1967-இல் ஃபோர்டு நிறுவனம் தொழிலாளர் அனைவரையும் ஐந்து தரங்களாகப் பிரித்தது. தையற்பொறிப் பெண்கள் ‘பி’ தரத்திலே, அதாவது தேர்ச்சி குறைந்த வேலையினர் வரிசையிலே தள்ளப்பட்டனர். அடுத்த படியான ‘சி’ தரம், ஓரளவு தேர்ச்சி பெற்றோருக்கு உரியது. அது எங்களுக்கு உரியது என்றனர் பெண்கள். வேலைக்குச் சேரும்போதே பொறியிலே தைத்துக் காட்டித் தேற வேண்டியிருந்தது அவர்களுக்கு. தேர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்களாம். சேர்ந்தபின், தேர்ச்சியில்லாத வேலை என்று சீட்டெழுதுவார்களாம்! எந்த ஊர் நியாயம் இது?

அதற்குமேலும் ஓர் அநீதி. ‘பி’ தரத்து ஆண் 100 காசு பெறுகிறான் என்றால், அதே தரத்துப் பெண்ணுக்கு 85 காசு. ஆக, இரண்டு வெட்டுகள். பெண் என்பதற்காக ஒரு வெட்டு. பெண் செய்யும் தொழில் தொழிலே அல்ல என்பதற்காக மற்றொரு வெட்டு. முதல் வெட்டு எவர் கண்ணுக்கும் தெரியும், கணக்குப் போட்டாலே போதும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே கொடியது. டேகனாம் பெண்களை வெகுண்டெழச் செய்தது இந்த இரண்டாவது வெட்டு. பின்னாளில் அவர்கள் அளித்த நேர்காணல்களிலே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இந்த இரண்டாவது வெட்டின் வேரை ஆராய்வோமா? தையலும் சமையலும் பெண்ணுக்குப் பிறவியோடு வந்தவை என்று ஒரு நம்பிக்கை. ஆண் கற்றால் கலை. பெண் கற்றால் இயல்பு. இயல்பாய் வந்ததற்குக் கூலி உயர்த்துவானேன்? பழைமையைப் பாதுகாக்க விரும்புவோர் எல்லா நாட்டிலும் ‘இயற்கை’ என்னும் சொல்லைத்தானே கேடயமாய்ப் பிடிக்கின்றனர்! தையற்பொறியின் முன்னே அமர்ந்து, கோடு பிசகாமல் தடித்த உறையைத் தைக்கக் கற்ற பெண்ணின் உழைப்பு, இந்த ஒரு சொல்லுக்குள்ளே மறைக்கப்பட்டுவிட்டது. முதலாளி மட்டுமன்று, தொழிற்சங்கத்து ஆண் தோழர்கள் பலரும் இந்த மயக்கத்திலேயே இருந்தனர்.

சரி, அமைச்சர் என் செய்தார்? தேநீர் தந்து பேசினார். 85 என்பது 92 ஆயிற்று. எஞ்சியது பிற்பாடு படிப்படியாக நிறைவுற்றது. தரத்தைப் பற்றிய வழக்கோ? அதை ஒரு விசாரணை மன்றத்திற்கு அனுப்பினார். அந்த விசாரணையால் ‘சி’ தரம் கிட்டவில்லை. பொறிகள் ஓடின, கார்கள் வெளியேறின, செய்தித்தாள்கள் அமைச்சரை வாழ்த்தின. கேட்டது தரம், கிடைத்தது விழுக்காடு! விலை கொடுத்தார் அம்மையார், மெய்தான். அந்த வேலைக்குரிய பெயரைக் கொடுத்தாரில்லை.

“ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, கிடைத்ததைக் கொண்டாடக் கூடாதா?” என்று நண்பர் சிலர் கேட்பர். டேகனாமில் ஆலை இருந்தது, ஐயா! ஆலையையே நிறுத்தும் ஆற்றல் படைத்த பெண்களும் இருந்தனர். இல்லாதிருந்தது, அவர்கள் சொல்லை அவர்கள் சொன்னபடியே கேட்கும் செவி.

ஏன் அந்தச் செவி இல்லாது போயிற்று? அம்மையாரின் மனத்திலே குறையென்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. 1967 நவம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கப்பட்டிருந்தது. ஏற்றுமதியே உயிர் என்று ஆட்சி அலறிக்கொண்டிருந்தது. ஃபோர்டு காரோ ஏற்றுமதிச் சரக்கு. அதோடு, ஊதிய உயர்வு 3.5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற கட்டுப்பாட்டைக் காவல் காப்பதும் அதே அமைச்சரின் வேலை. ஒரு கையிலே பூட்டு, மறு கையிலே திறவுகோல்! தரத்தை உயர்த்த இசைந்தால், நாட்டின் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தரம் பற்றிய கேள்வி எழும். விழுக்காட்டை உயர்த்தினால், ஓரிடத்தோடு முடியும் என்று எண்ணியிருக்கலாம். நிர்வாகியின் அறிவு அது. பாட்டாளியின் நீதி அன்று.

அவர் வாழ்விலே இந்த முரண் மறுபடியும் தலைகாட்டிற்று, முன்னினும் பெரிதாக. 1969 ஜனவரியில் ‘பூசலுக்கு மாற்றாக’ எனும் பொருள்படும் தலைப்பில் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். தொழிற்சங்கத்தில் சேரும் உரிமைக்குச் சட்டக் காப்பு போன்ற நல்லவையும் அதிலே உண்டு. ஆனால், திடீர் வேலைநிறுத்தங்களை 28 நாள் நிறுத்திவைக்க ஆணையிடலாம். சிலவற்றுக்கு முன்னதாக வாக்கெடுப்பு வேண்டுமென்று வற்புறுத்தலாம். மீறினால் தண்டம் விதிக்கலாம் என்ற அதிகாரங்களும் இருந்தன. தொழிற்சங்கக் காங்கிரஸ் சீறிற்று. அமைச்சரவையிலேயே ஜேம்ஸ் காலகன் எதிர்த்தார். ஜூன் திங்களிலே திட்டம் கைவிடப்பட்டது. தோல்வியின் பழி முழுவதும் அம்மையார் தலையிலே. பிரதமர் வில்சன் உடனிருந்து ஊக்கியது பலருக்கு மறந்தே போயிற்று.

நாம் கேட்க விரும்புவது வேறு. டேகனாம் வேலைநிறுத்தம் நடந்தது மூன்றே வாரம். அந்த 28 நாள் அதிகாரம் 1968 ஜூனிலே அமைச்சர் கையில் இருந்திருப்பின்? “பொறிக்குத் திரும்புங்கள், பிறகு பேசலாம்” என்று அந்தப் பெண்களை ஏவியிருக்கக் கூடுமன்றோ? தேநீரும் இராது, 92-உம் இராது. தம்மைப் பெருமைக்குரியவராக்கிய வேலைநிறுத்தத்தையே முடக்கவல்ல கருவியை ஆறு திங்களுக்குப்பின் அவரே வடித்தார். நேர்மையோடுதான் வடித்தார். அரசு என்பது பாட்டாளியின் பாதுகாவலன். ஆகவே பாட்டாளி அரசின் சொல் கேட்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. பிளாக்பர்ன் பெண்கள் சொல் கேளாமல் முரண்டியதால்தான் தாம் பாராளுமன்றம் கண்டோம் என்பதை எப்படி மறந்தாரோ!

இனி, சட்டத்திற்கு வருவோம். அதன் அருமையை உணர அதற்கு முந்திய பாலைவனத்தைப் பார்க்க வேண்டும். 1888-லேயே தொழிற்சங்கக் காங்கிரஸ் சம ஊதியத் தீர்மானம் நிறைவேற்றியது. நிறைவேற்றித் தூங்கியது. 1944-இல் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் என்ற திருத்தம் காமன்ஸ் சபையிலே ஒரே ஒரு வாக்கால் வென்றது. நாட்டைக் காத்த வீரர் எனப் புகழப்பட்ட சர்ச்சில், அதைத் தம் ஆட்சி மீதான நம்பிக்கை வாக்காக மாற்றி இரண்டே நாளில் முறியடித்தார். 1955 முதல் 1961 வரை தவணை தவணையாக அரசு ஊழியருக்கு மட்டும் ஒருவாறு கிடைத்தது. ஆலைப் பெண்ணுக்கோ, ஒன்றுமில்லை. 1964-இல் தொழிற்கட்சி வாக்குறுதி தந்தது. தந்தது தந்ததாகவே கிடந்தது. டேகனாம் எழுச்சியும் அதைத் தொடர்ந்து தொழிற்சங்கப் பெண்கள் கூட்டிய கூட்டங்களும் கிளர்ச்சிகளும் வாக்குறுதியை உலுக்கி எழுப்பின. கருவூலத்தார் செலவைக் காட்டி மிரட்டினர். அந்த அமைச்சரவையிலே தனித்து நின்று வாதாடி, 1970 மே 29-ஆம் நாள், பாராளுமன்றம் கலையும் தறுவாயிலே சட்டத்தை முடித்தவர் அம்மையார். அடுத்த திங்களில் தொழிற்கட்சி தேர்தலிலே தோற்றது. சற்றே சோம்பியிருந்தால் சட்டம் இல்லை! 82 ஆண்டு ஆண் தலைவர்கள் செய்யாததை இரண்டாண்டிலே செய்தார். இதற்கு நம் வணக்கம் உரியது.

வணங்கிய கையோடு சட்டத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். நடைமுறைக்கு வருவது 1975 டிசம்பர் 29 என்கிறது. ஐந்தரை ஆண்டு தவணை! திருடனுக்கு முன்கூட்டி நாள் குறித்துச் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போகும் காவலரைப் போன்றது இது. முதலாளிகள் பலர் அந்த இடைவேளையை வீணாக்கவில்லை. ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து வைத்து, ஒப்பிட ஆளில்லாமற் செய்துகொண்டனர்.

அடுத்து, உரிமை யாருக்கு? ஆணோடு ஒத்த வேலை செய்பவளுக்கு. அல்லது நிறுவனமே மதிப்பீடு நடத்திச் சமமென்று ஒப்பிய வேலை செய்பவளுக்கு. மதிப்பீடு நடத்தியே தீர வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அப்படியானால் பெண்கள் மட்டுமே நிறைந்த தையற்கூடத்திலே ஒத்த வேலை செய்யும் ஆணை எங்கே போய்த் தேடுவாள்? முதல் வெட்டுக்கு மருந்திட்ட சட்டம், இரண்டாவது வெட்டைத் தொடவேயில்லை. பயன் இல்லாமற் போகவில்லை: 1970-இல் முழுநேரப் பெண் தொழிலாளியின் மணிநேர ஊதியம் ஆணுடையதில் மூன்றில் இரண்டு பங்கையும் எட்டாதிருந்தது; 1977-இல் ஏறத்தாழ முக்கால் பங்காயிற்று. அதன்பின் ஏற்றம் தளர்ந்தது. நின்றது எங்கே என்று கேட்டால், அந்த இரண்டாவது வெட்டின் விளிம்பிலே.

1982-இல் ஐரோப்பிய நீதிமன்றம் குட்டியது: சம மதிப்புள்ள வேலைக்கும் சம ஊதியம் கேட்க வழியில்லாத பிரிட்டனின் சட்டம் குறையுடையது என்று. 1984 முதல் நாளிலிருந்து திருத்தம் நடப்புக்கு வந்தது. அதைக் கையிலேந்தி முதலில் வென்றவர் யார் தெரியுமா? பர்க்கன்ஹெட் கப்பல் தளத்திலே சமையல் செய்த ஜூலி ஹேவர்ட் என்னும் இளம்பெண். வண்ணம் பூசுபவன், தச்சன், வெப்பக் காப்பு வேலைக்காரன் ஆகியோரின் வேலைக்கு என் சமையல் சமம் என்றார். பிரபுக்கள் சபை வரை இழுத்தடித்தனர், 1988-இல் வென்றார். தையல் இயல்பு, சமையல் இயல்பு என்ற பொய்மைக்கு, ஒரு சமையற்காரி கொடுத்த அடி அது.

அம்மையாரின் பிற்காலப் பணியிலும் இதே ஒளியும் நிழலும் காண்கிறோம். 1974 முதல் 1976 வரை சமூகப் பணிகள் அமைச்சர். 1975-ஆம் ஆண்டின் குழந்தைப் படிச் சட்டம் அவருடையது. அதுவரை, குழந்தைக்கான வரிச் சலுகை தந்தையின் சம்பளப் பையிலே விழுந்தது. இனி, தலைப்பிள்ளை தொட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயின் கையிலே பணம் என்றார். வீட்டிலே பிள்ளை வளர்த்த ஆண்டுகளால் பெண்ணின் ஓய்வூதியம் தேய்ந்துவிடலாகாது என்றும் சட்டம் செய்தார். உழைப்பென்று எவரும் எண்ணாத உழைப்பை அரசின் கணக்கிலே ஏற்றினார். பெரிய செயல், திரைப்படம் எடுக்கத்தக்கது இதுதான் என்போம்.

அதே அமைச்சர் காலத்துச் சட்டம்தான், நோயுற்றோரை வீட்டிலிருந்து பேணுவோருக்கு ஒரு படியும் வகுத்தது. யாருக்கெல்லாம்? ஆணுக்கு உண்டு, மணமாகாத பெண்ணுக்கு உண்டு, மணமானவளுக்கு இல்லை! அவள் எப்படியும் வீட்டிலே இருப்பவள்தானே என்பது காரணம். மீண்டும் அந்த ‘இயல்பு’! பேணும் பணியிலே பெரும்பாலும் ஈடுபட்டிருந்தவள் எவளோ அவளையே விலக்கிய இந்த விதி, 1986-இல் ஒரு மணமான பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று வழக்காடிய பின்னரே நீங்கிற்று. பணமில்லை என்று கருவூலம் கைவிரித்திருக்கும் என்பதை அறிவோம். பணமில்லாதபோது யாரை முதலில் விலக்குகிறார்கள் என்பதையும் அறிவோம்.

1976 ஏப்ரலில் காலகன் பிரதமரானார், அம்மையாரை வெளியேற்றினார். குழந்தைப் படியைக் கிடப்பிலே போடவும் அந்த ஆட்சி முயன்றது. அமைச்சரவைச் செய்தி வெளியே கசிந்து நாடு சிரித்தபின், தவணை முறையிலே நிறைவேற்றிற்று. அம்மையார் ஓயவில்லை, 1979 முதல் பத்தாண்டு ஐரோப்பியப் பாராளுமன்றம், பிறகு பிரபுக்கள் சபை. 2002-இல் மறையும்வரை, எண்பதைக் கடந்த முதுமையிலும், ஓய்வூதியம் உழைப்போர் ஊதியத்தோடு சேர்ந்து உயர வேண்டுமென்று தம் கட்சித் தலைவர்களையே விரட்டி விரட்டிக் கேட்டார். அதிகாரத்திலே இருந்தபோது கேளாத செவிகளை, அதிகாரம் இழந்தபின் அவரே தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய நாட்குறிப்புகள் இரண்டு பெருந்தொகுதிகளாக வந்துள்ளன. அமைச்சரவையின் உட்பூசல்களை அறிய இவற்றைப் போன்ற நூல்கள் சிலவே. யார் யாரை முறைத்தார், யார் வாக்குத் தவறினார், கருவூலத்தார் எப்படிக் கழுத்தறுத்தனர் என்பதெல்லாம் உயிரோடு நிற்கும். ஆனால், அது அமைச்சரவை அறையின் நூல். அதன் கதவுக்கு வெளியே நிற்போர் சற்று நேரம் வந்து போகும் விருந்தினரே. திரைப்படம் செய்ததையே நாட்குறிப்பும் வேறு வழியிலே செய்கிறது: போராடியவர்களைப் பெற்றுக்கொண்டவர்களாக்குகிறது.

1964 முதல் 1970 வரையிலான தொகுதி, தேநீர் நாளையும் உள்ளடக்கிய தொகுதி, அச்சேறி வெளிவந்தது 1984-இல். அதே 1984-இல் டேகனாமின் தையற்பொறிப் பெண்கள் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இம்முறை அமைச்சர் எவரும் தேநீருக்கு அழைக்கவில்லை. விழுக்காடு எதுவும் பேரம் பேசப்படவில்லை. பதினாறு ஆண்டுக்கு முன் கேட்ட ‘சி’ தரத்தை வாங்கிக்கொண்டு பொறிக்குத் திரும்பினர்.